ஓரத்தில் எழுதுக

ஜூன் மாதக் கடைசி வாரத்தில், விடுமுறைக்காகப் பாடசாலை மூடுவதற்கு இரண்டு நாட்களுக்கு முன்பு, மகன் தன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தான். செப்டெம்பரில் பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்துக்கு வரும் மாணவர் யாவரும் கோடை விடுமுறையில் இரண்டு நூல்களை வாசித்து முடிக்க வேண்டும். ஒன்று ஆசிரியர் குறித்துக் கொடுத்த நாவல், மற்றது மாணவரின் சொந்தத் தெரிவு. பாடசாலை திறக்கும் முதல் வாரத்திலேயே அவற்றைப் பற்றி வகுப்பில் அமர்ந்து கட்டுரை எழுத வேண்டும். இதுவரை எனக்கு ஆட்சேபனை எதுவும் இருக்கவில்லை. அடுத்த வரியில்தான் இடறினேன். நாவலின் ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் குறைந்தது 10 குறிப்புகளைப் பக்க ஓரங்களில் பேனாவால் எழுத வேண்டும் என்றும், அவற்றுக்கும் புள்ளிகள் உண்டு என்றும் அச்சிட்டிருந்தார்கள்.

"புத்தகத்திலேயா?" என்று கேட்டேன்.

"புத்தகத்திலதான் அம்மா. எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க" என்றான், மாவு பிசையும்போது தண்ணீர் ஊற்றலாமா என்று யாரோ கேட்டுவிட்டதைப் போன்ற முகத்துடன்.

நியூ ஜேர்சிக்கு வந்து 16 ஆண்டுகள் ஆகின்றன. பனிக்குள் புதைந்த காரைத் தோண்டியெடுக்கவும், அயலவருடன் வானிலையைப் பற்றி மட்டும் பத்து நிமிடம் பேசவும், சப்பாத்துக் காலுடன் வரவேற்பறைக்குள் வந்துவிடும் விருந்தினரைப் பார்த்தும் பாராததுபோல் இருக்கவும் பழகிவிட்டேன். இனி இந்த நாட்டில் என்னைத் திடுக்கிட வைக்க ஒன்றுமில்லை என்று இலங்கையில் அட்டனில் இருக்கும் தங்கையிடம் தொலைபேசியில் பெருமை பேசி ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆயினும் புத்தகத்தில் பேனாவால் எழுதாவிட்டால் புள்ளியைக் குறைப்பேன் என்று ஓர் ஆசிரியர் சொல்லக்கூடும் என்பதை என் மனம் ஏற்க மறுத்தது. அன்றிரவு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது நான் நின்றது எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலையின் வாங்குக்கு அருகில்தான்.

பொகவந்தலாவைக்கு மேலே, 1990களில், நான் படித்த எந்தப் பாடநூலும் எனக்குச் சொந்தமாக இருந்ததில்லை. இலங்கையில் 1980 முதல் அரசாங்கம் பாடநூல்களை இலவசமாகக் கொடுத்து வருகிறது. ஆண்டு முடிவில் நாங்கள் அவற்றைத் திருப்பிக் கொடுப்போம், அவை அடுத்து வரும் பிள்ளைகளுக்குப் போகும். நூலின் முன்பக்கங்களில் ஒரு சிறு கட்டம் இருக்கும்: ஆண்டு, பயன்படுத்திய மாணவரின் பெயர், வகுப்பாசிரியரின் கையொப்பம். எனக்குக் கிடைக்கும் நூலில் ஏற்கெனவே இரண்டு பெயர்களாவது இருக்கும். பெரும்பாலும் மேல் லயத்து, அதாவது மேலே இருந்த தொழிலாளர் வீட்டு வரிசையின், பிள்ளைகளின் பெயர்கள்தாம் என்பதால், எந்தப் பக்கத்தில் படிந்திருப்பது யார் வீட்டுக் குப்பி விளக்கின் மண்ணெண்ணெய் என்றுகூட எங்களால் சொல்ல முடியும். பழைய கலண்டர்த் தாளில் உறை போட்டு, மழைக்காலத்தில் கம்பளிக்குள் மறைத்துக் கொண்டுபோய், தவறிக் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மூன்றாவது கட்டத்தில் என் பெயரை எழுதுவதற்கு வகுப்பாசிரியை அனுமதி தரும் அந்த ஒரு தருணத்தில் மட்டுமே புத்தகத்தில் பேனா படும்.

இதையெல்லாம் மகனிடம் சொன்னபோது, சொல்லாமல் விட்டிருக்க வேண்டிய ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். ஆங்கிலச் சொற்களுக்கு மேலே பென்சிலால், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், தமிழில் பொருள் எழுதி வைப்பது எங்கள் எல்லோருக்கும் வழக்கமாக இருந்தது. ஆண்டு முடிவில் அழிறப்பரால் அழித்துத்தான் கொடுக்க வேண்டும். ஆனால் எனக்கு முன் வைத்திருந்தவர்கள் சோம்பேறிகளாக இருந்ததால் நான் பிழைத்தேன். ஆங்கில ஆசிரியர் இல்லாமலே இரண்டு தவணைகள் கழிந்த ஆண்டில், அந்தப் பென்சில் எழுத்துகள்தாம் எனக்கு ஆசிரியர். அவற்றில் சில தவறாகவும் இருந்தன. பாடசாலை அலுமாரியில் கிடந்த ஒரேயோர் ஆங்கிலக் கதைப்புத்தகத்தில் பழமரத் தோப்பைக் குறிக்கும் 'ஓச்சட்' என்ற சொல்லுக்கு மேல் யாரோ 'தோட்டம்' என்று எழுதியிருந்தார்கள். எனக்குத் தெரிந்த தோட்டத்தில் கங்காணி உண்டு, வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்களம் உண்டு, கொழுந்து நிறுக்கும் தராசு உண்டு. ஆகவே அந்தக் கதையில் அப்பிள் பறிக்கப் போன வெள்ளைக்காரப் பிள்ளைகளை, விடியற்காலையில் பெயர் கொடுத்துவிட்டு மலையேறும் தொழிலாளர்களாகவே கற்பனை செய்து, அவர்களுக்காக வருந்தியும் இருக்கிறேன்.

"அப்போ நீங்களும் ஓரத்தில எழுதினீங்க" என்றான் மகன். பென்சிலுக்கும் பேனாவுக்கும் உள்ள வேறுபாட்டை நான் விளக்க முற்பட்டேன், அவன் கேட்கவில்லை.

இந்த நாட்டுக்கு வந்த முதல் ஆண்டு ஒக்டோபரில் உண்மையான அப்பிள் தோட்டத்துக்கே போனோம். நுழைவாயிலில் பைக்கு இவ்வளவு என்று பணம் வாங்கிக்கொண்டு, நாமே பறித்துக்கொள்ளச் சொன்னார்கள். பணம் கொடுத்துப் பறிப்பது என்ற ஏற்பாட்டை இன்றுவரை நான் அம்மாவிடம் விளங்கப்படுத்தவில்லை. அவர் மலையில் ஒரு நாளைக்கு 18 கிலோ கொழுந்து பறித்தால்தான் முழுப்பேர்; குறைந்தால் செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் அரைப்பேர், அதாவது நாள் முழுவதும் நனைந்து நின்றாலும் சம்பளம் பாதிதான். அன்று நான் இரண்டு கைகளாலும் மளமளவென்று பறித்து ஏழே நிமிடத்தில் பையை நிரப்பிவிட்டேன். சுற்றியிருந்தவர்கள் பழத்துடன் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். என் கணவர் தெரியாதவரைப் போல் சற்று விலகி நடந்தார்.

விடுமுறைக்கு வாசிப்பு என்று ஒன்று எங்களுக்கு இருந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன். ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் என்று மூன்று விடுமுறைகள் இருந்தன; நூல்கள் இருக்கவில்லை. கடையில் சீனியும் பருப்பும் சுற்றிக் கொடுத்த காகிதச் சரைகள் இருந்தன. அவற்றைப் பிரித்து, நீவி, வாசிப்பேன். வீரகேசரி வாரவெளியீட்டுத் தொடர்கதையின் நடுப்பகுதி மட்டும் கிடைக்கும். முதலும் முடிவும் வேறு யாரோ வாங்கிய பருப்போடு போயிருக்கும். ஒரு முறை, கதாநாயகி கிணற்றடியில் நின்று கடிதத்தைப் பிரிக்கும் இடத்தில் தாள் கிழிந்திருந்தது. அவளுக்கு யார் எழுதியிருப்பார்கள் என்பதை இன்றும் சில இரவுகளில் நினைத்துக்கொள்வதுண்டு.

எங்கள் ஊர் நகரசபை நூலகத்தைக் குறைசொல்ல மாட்டேன். பத்து வாரம் நீளும் விடுமுறையில் கற்றது மறந்துபோகக்கூடாது என்று, வாசித்த நூல்களைப் பதிவு செய்யும் பிள்ளைகளுக்குப் பரிசு கொடுத்து, கேட்ட நூலை வேறு ஊரிலிருந்தாவது வரவழைத்தும் கொடுக்கிறார்கள். ஆனால் நூலகப் பிரதியில் எழுத முடியாதே! ஆக, நான் பழைய புத்தகக் கடைக்குப் போய் 4 டொலருக்கு ஒரு பிரதி வாங்கி வந்தேன். முதல் மூன்று அத்தியாயங்களில் முன்னாள் உரிமையாளர் மஞ்சள் மையால் கோடிட்டு, வினாக்குறிகளும் வியப்புக்குறிகளும் இட்டிருந்தார். நான்காவதிலிருந்து பக்கங்கள் தூய வெள்ளையாக இருந்தன. அவருடைய கோடை அங்கே முடிந்துவிட்டது போலும். எனக்கு அது மேல் லயத்துப் பிள்ளையைச் சந்தித்தது போலிருந்தது. மகனுக்கோ அது பெரும் தலைவலி. அந்தக் குறிப்புகளைப் பார்த்து எழுதியதாக ஆசிரியர் நினைப்பார் என்றான். இறுதியில் ஒட்டுத்தாள்களில் எழுதி ஒட்டலாம் என்று ஆசிரியரிடமிருந்து மின்னஞ்சலில் அனுமதி பெற்றோம்.

சொந்தத் தெரிவு நூலுக்கு நான் ஒரு யோசனை சொன்னேன். மடக்கும்புரைத் தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரான சி. வி. வேலுப்பிள்ளை, தோட்டத் தொழிலாளரின் வாழ்வை ஆங்கிலத்திலேயே எழுதி 1970இல் வெளியிட்ட 'போர்ன் டு லேபர்' என்ற நூலைப் படித்தால் என்ன என்று கேட்டேன். அட்டனில் உயர்தரம் படித்த காலத்தில் அப்படியொரு நூல் இருப்பது எனக்கே தெரியாது. அமெரிக்காவுக்கு வந்த பின்தான் கேள்விப்பட்டேன். மகன் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு கூடைப்பந்து வீரரின் வாழ்க்கை வரலாற்றைத் தெரிவு செய்தான்.

இந்த ஓகஸ்டில் நாவலும் ஒட்டுத்தாள் கட்டும் எங்களோடு ஊருக்கு வந்திருக்கின்றன. கோடை வாசிப்பு என்று அச்சிட்ட தாளைக் கையில் வைத்துக்கொண்டு, கம்பளிச் சட்டையும் காலுறையும் அணிந்து, அடுப்படிக்கு அருகில் பலகைக் கட்டையில் குந்தியிருக்கிறான் மகன். வந்து ஐந்து நாட்களாகியும் மழை விடவில்லை. தகரக் கூரையின் இரைச்சலில் ஒருவரோடொருவர் கத்தித்தான் பேசவேண்டியிருக்கிறது. நாவலில் வரும் சிறு நகரத்திலோ தாங்க முடியாத வெயிலாம்.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. முதல் நாள், புத்தகத்தின் விளிம்பில் மஞ்சள் தாள்கள் துளிர்த்து நிற்பதைக் கண்டு, அடையாளத்துக்கு வைத்திருக்கிறானாக்கும் என்று நினைத்திருக்கிறார். இரண்டாம் நாள் விசாரித்தார். அத்தியாயத்துக்குப் பத்து எழுத வேண்டும், எண்ணிப் பார்த்துத்தான் புள்ளி போடுவார்கள் என்று மகன் தன் உடைந்த தமிழில் விளங்கப்படுத்தினான். அது அவருக்கு உடனே விளங்கியது. என்னைவிடச் சீக்கிரமாகவே விளங்கியது என்று சொல்ல வேண்டும். அதன் பிறகு மாலைத் தேநீர் கொடுக்கும்போதெல்லாம் கணக்குக் கேட்பது அவருடைய வேலையாகிவிட்டது.

"எத்தன எழுதுன சாமி?" என்றார் நேற்று.

"ஏழு, அம்மாயி."

அம்மா புத்தகத்தை வாங்கி, தாள்களை விரலால் ஒவ்வொன்றாக வருடி எண்ணிப் பார்த்து, புத்தகத்தைக் கண்ணில் ஒற்றித் திருப்பிக் கொடுத்தார். "அப்ப இன்னைக்கு அரைப்பேருதான்" என்று சொல்லிவிட்டு விறகைத் தள்ளப் போனார்.

அரைப்பேர் என்றால் என்ன என்று மகன் என்னிடம் கேட்டான், எட்டாவது தாளைக் கையில் பிடித்துக்கொண்டு. அந்தத் தாளில் அடங்கக்கூடிய பதில் எதுவும் எனக்கு அகப்படவில்லை.