கொலுசுப் பட்டறையிலிருந்து நானோ ஆய்வகம் வரை

சேலத்தில் நான் வேதியியல் கற்பிக்கும் கல்லூரிக்கு, கொலுசுப் பட்டறை நடத்தும் வீடுகளிலிருந்து பிள்ளைகள் பலர் படிக்க வருகிறார்கள். வெள்ளியை உருக்குவதையும், கம்பி இழுப்பதையும், பொடி வைத்து ஊதுவதையும் சிறு வயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவர்கள். அந்த வெள்ளியையே சில நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு) அளவுத் துகள்களாக்கி நீரில் மிதக்கவிட்டால் மஞ்சள் நிறம் காட்டும் என்று சொன்னால், சோதனைக் குழாயில் கண்ணால் பார்க்கும்வரை அவர்கள் நம்புவதில்லை.

சென்ற ஆண்டு, ஏற்காட்டைச் சேர்ந்த முதுநிலை மாணவி ஒருவர் காப்பிப் பழத்தோலைக் கொதிக்கவைத்து வடித்த சாற்றை வெள்ளி நைட்ரேட் கரைசலில் சேர்த்தார். கரைசல் மெல்லப் பழுப்பானதும், நானோ துகள் கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தார். பல கல்லூரிகளில் மாணவர் திட்டங்கள் இந்த இடத்திலேயே முடிந்துவிடுகின்றன. இது எனக்கு நீண்ட நாள் வருத்தம். பழத்தோல் சாறு வெள்ளி இல்லாமலும் பழுப்பாகக்கூடியது. ஆகவே சாற்றை மட்டும் தனியே வைத்து ஒப்பிட வேண்டும். கரைசல் எந்த ஒளியை உறிஞ்சுகிறது என்று காட்டும் யூவி விசிபிள் கருவியில், 400 நானோமீட்டர் அலைநீளத்தைத் தாண்டிய பகுதியில் வெள்ளித் துகளுக்குரிய முகடு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். அதன் பிறகும் துகளின் வடிவத்தை அறிய எலக்ட்ரான் நுண்ணோக்கி தேவைப்படும்.

கோடிக்கணக்கில் விலையுள்ள அந்தக் கருவியை ஒவ்வொரு கல்லூரியும் வாங்க இயலாது, வாங்கவும் தேவையில்லை. 2007-இல் மத்திய அரசு தொடங்கிய நானோ மிஷன் போன்ற திட்டங்களால் பல பல்கலைக்கழகங்களில் இத்தகைய வசதிகள் உருவாயின. எந்தக் கருவி எந்த நிறுவனத்தில் இருக்கிறது என்று ஐ-ஸ்டெம் இணையதளத்தில் தேடி, வெளியார் முன்பதிவு செய்யலாம்.

நாங்களும் அப்படிப் பதிவு செய்து பெங்களூருக்குச் சென்றோம். மாதிரியை வைக்கும் செம்பு வலை 3 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. ஒரு கம்பு மணியின் அளவே இருக்கும். இடுக்கியால் அதன் ஓரத்தைப் பிடித்து ஒரு சொட்டு இட்டு உலர்த்துவதற்கு அந்த மாணவிக்கு மூன்று வலைகள் வீணாயின. திரையில் முதலில் தெரிந்தவை திட்டுத் திட்டான கறைகள். கரைசலை மையவிலக்கியில் சுழற்றிக் கழுவாமல் கொண்டுவந்திருந்தோம். கழுவச் சொல்லித்தராதது என் தவறு. அங்கேயே கழுவி மீண்டும் வைத்தபோது, கறைகள் விலகி உருண்டைத் துகள்கள் தனித்தனியாகத் தெரிந்தன. அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

மாதிரியை அனுப்பிவிட்டுப் படத்தை மின்னஞ்சலில் பெறுவதைவிட நேரில் செல்வதே மேல் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். நீண்ட நாள் தங்கிக் கற்கவும் வழி இருக்கிறது. நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகள் இணைந்து வழங்கும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகையில் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியின் ஆய்வகத்தில் பணியாற்றலாம். விண்ணப்பத்தில் மதிப்பெண்ணோடு, எதைக் கற்க விரும்புகிறோம் என்ற குறிப்பும் கேட்கப்படும். அதை இணையத்தில் பார்த்து எழுதாமல், தாம் செய்த சோதனையில் விடை கிடைக்காத இடத்தைப் பற்றி எழுத வேண்டும்.

மின்னணுவியல், இயற்பியல் மாணவர்களுக்கு 2008-இல் இந்திய அறிவியல் கழகத்திலும் மும்பை ஐஐடியிலும் தொடங்கிய ஐஎன்யுபி எனும் இந்திய நானோ மின்னணுவியல் பயனர் திட்டம் இருக்கிறது. முதலில் அறிமுகப் பயிலரங்கு, பிறகு நேரடிப் பயிற்சி, அதன் பிறகு சொந்த ஆய்வு என்று படிப்படியாக அழைத்துச் செல்வார்கள். அங்கே தூசியை வடிகட்டி வைத்திருக்கும் தூய அறைக்குள் நுழைவதே ஒரு பாடம். 100-ஆம் வகுப்பு அறை என்றால், ஒரு கன அடிக் காற்றில் அரை மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் நூறுக்கு மிகக் கூடாது. தலைமுடி, உடை, காலணி யாவற்றையும் மூடிக்கொண்டே உள்ளே செல்ல வேண்டும். சிலிக்கான் தகட்டில் பூசும் ஒளியுணர் பூச்சு நீல ஒளியிலும் புற ஊதா ஒளியிலும் மாறிவிடும் என்பதால், அந்தப் பகுதியில் மஞ்சள் விளக்கு மட்டுமே எரியும்.

இவ்வாண்டு எங்கள் துறையிலிருந்து இரண்டு மாணவர்கள் கோடைக்கால உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிறார்கள். அவர்களில் ஒருவர் பட்டறை வீட்டுப் பிள்ளை. கொலுசைக் கழுவிய நீரில் கரைந்து போகும் வெள்ளியை நானோ துகளாக மீட்க முடியுமா என்பது அவர் எழுதியிருக்கும் கேள்வி. அதன் முதல் வரைவு இப்போது என் மேசையில் இருக்கிறது.