கைப்பிடி அரிசியும் ஆராதனைக்குப் பிந்தைய ஏலமும்

போன வாரம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருந்தேன். ஊர் மெஞ்ஞானபுரம் பக்கம், தேரிக்காட்டுக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் நடுவில் ஒரு சின்னக் கிராமம். மெஞ்ஞானபுரம் கிறிஸ்தவக் கோவிலின் கோபுரம் 192 அடி, அதைப் பார்க்கவே வெளியூரிலிருந்து ஆட்கள் வருவார்கள். எங்கள் கோவிலுக்குக் கோபுரம் எல்லாம் இல்லை. ஓட்டுக் கூரை, பக்கத்தில் ஒரு வேப்பமரம், இரும்புச் சட்டத்தில் தொங்கும் மணி, அவ்வளவுதான்.

கோவிலைப் பார்த்துக்கொள்ளும் கோவில்பிள்ளை முதல் மணி அடித்ததும் தெருவே பரபரப்பாகிவிடும். "முதல் மணி அடிச்சாச்சு, இன்னும் குளிக்கலையா நீ?" என்ற சத்தம் நாலு வீட்டிலிருந்தாவது கேட்கும். இரண்டாம் மணிக்குள் எல்லோரும் வந்து செருப்பை வாசலில் விட்டுவிட்டு, ஆண்கள் ஒரு பக்கம் பெண்கள் ஒரு பக்கம் என்று உட்கார்ந்துவிடுவார்கள். என் பெரியம்மாவுக்குத் தூணோரம் ஓர் இடம் உண்டு. அவர் வராத ஞாயிறுகூட அந்த இடத்தில் யாரும் உட்காருவதில்லை, ஆராதனை முடிந்த கையோடு இரண்டு பேர் வீட்டுக்கே போய் "ஏன் வரலை, உடம்புக்கு என்ன?" என்று கேட்டுவிட்டு வருவார்கள். சென்னையில் நான் போகும் சபையில் மூன்று மாதம் போகாமல் இருந்துவிட்டுத் திரும்பிப் போனபோது, வாசலில் நின்றவர் என்னைப் புதிதாக வந்தவர் என்று நினைத்து வரவேற்றார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன்.

இந்த வாரம் ஓலை வாசித்தார்கள். கல்யாணம் நிச்சயமானவர்களின் பெயரை மூன்று ஞாயிறு சபை நடுவில் வாசித்து, தடை சொல்ல யாராவது உண்டா என்று கேட்பது. முதலாம் ஓலை என்று ஐயர் (போதகரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) சொன்னவுடன் பாட்டிமார் எல்லாம் திரும்பி அந்தப் பெண்ணைத் தேடுகிறார்கள், அவள் தலையைக் குனிந்து பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொள்கிறாள். எனக்கு ஓலை வாசித்தபோதும் நான் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் காணிக்கை. இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. காணிக்கைப் பை சுற்றி வரும், அது எல்லா சபையிலும் உண்டு. எங்கள் ஊரில் கூடவே ஒரு பெரிய ஓலைப்பெட்டியும் முன்னால் இருக்கும். தினமும் உலை வைக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனியாகப் போட்டு வைத்து, அதை ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து பெண்கள் இந்தப் பெட்டியில் கொட்டுவார்கள். கையில் ஒரு பைசா இல்லாத வீட்டிலும் உலை வைத்தால் ஒரு கைப்பிடி எடுக்கலாம் இல்லையா? எங்கள் பாட்டி காலத்தில் பணம் எல்லாம் தாத்தா மடியில்தான் இருக்கும், பாட்டிக்குச் சொந்தமாகக் கொடுக்க இருந்தது இந்த அரிசி மட்டும்தான்.

1903இல் திருநெல்வேலிச் சபைகள் சேர்ந்து இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது, ஆட்களும் பணமும் நிர்வாகமும் இந்தியர்களுடையதாகவே இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். அதற்கு முன்னின்ற வேதநாயகம் சாமுவேல் அசரியா எங்கள் பக்கத்து வெள்ளாளன்விளைக்காரர். பிறகு தெலுங்கு நாட்டிலுள்ள தோர்ணக்கல்லுக்குப் போய் 1912இல் இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயர் ஆனவர். வெள்ளைக்காரர் ஆட்சியில், பனையேறியும் வாழை வைத்தும் பிழைத்த சனங்கள் தங்கள் காசில் தெலுங்கு நாட்டுக்கு ஊழியரை அனுப்பியிருக்கிறார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மெய் சிலிர்க்கும்.

ஐயர் ஆசீர்வாதம் கூறி முடித்ததும் எல்லோரும் வேப்பமரத்தடிக்கு வந்துவிடுவார்கள். ஏலம். முருங்கைக்காய்க் கட்டு, வாழைத்தார், கருப்பட்டி, சேவல், முதல் காய்ப்பில் பறித்த தேங்காய், எது காணிக்கையாக வந்ததோ அது ஏலத்துக்கு வரும். இந்த வாரம் ஒரு பாட்டி நாலு முட்டை கொண்டுவந்திருந்தார். நாற்பது ரூபாயில் ஆரம்பித்து, "நூறு ரூபாய் ஒரு தரம், நூறு ரூபாய் ரெண்டு தரம்" என்று போய், துபாயிலிருந்து லீவில் வந்திருந்த ஒரு தம்பி ஐந்நூறுக்கு எடுத்தான். எடுத்தவன் அதைத் திரும்ப ஏலத்துக்கே கொடுத்துவிட்டான். இரண்டாவது தடவை இருநூறு. அந்தப் பாட்டி மரத்தடியில் கல் மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார், அந்த முகத்தில் இருந்த பெருமையை எனக்கு எழுதத் தெரியவில்லை.

இதை நிறுத்திவிடலாம் என்று இப்போது ஒரு பேச்சு இருக்கிறது. நேரமாகிறதாம், படித்தவர்கள் நிற்பதில்லையாம், போனில் ஸ்கேன் பண்ணிப் பணம் அனுப்பினால் கணக்கும் சுத்தமாக இருக்குமாம். கணக்கு சுத்தமாக இருக்கட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, நானே சென்னையில் அப்படித்தான் அனுப்புகிறேன். ஆனால் நாலு முட்டை உள்ள பாட்டி எதை ஸ்கேன் பண்ணுவார்? சேகரத் தேர்தல், அதாவது பக்கத்துச் சபைகள் சேர்ந்த சேகரத்தின் நிர்வாகத்துக்கான தேர்தல் வந்தால் ஊர் இரண்டாகிவிடுகிறது, அண்ணன் தம்பி பேசிக்கொள்வதில்லை. அது பெரிய வேதனை, அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன். அந்த வருத்தத்தில் இருக்கிறவர்கள்கூட ஏலத்தில் ஒருவர் கேட்ட விலைக்கு மேல் இன்னொருவர் கேட்டு, கேட்கிற வேகத்தில் சிரித்துவிடுவதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். சபையார் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு விடிய விடிய ஆட்டுக்கறி வேகும்போது அண்டாவைச் சுற்றி நிற்கிறவர்களும் அதே ஆட்கள்தான். அங்கே யார் எந்தக் கட்சி என்று யாரும் கேட்பதில்லை, சோறு வடிக்க ஆள் வேண்டும்.

அம்மா சென்னைக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. எங்கள் வீட்டில் மின்சாரக் குக்கரில்தான் சோறு. அதிலும் அரிசி அளந்து போடுமுன் ஒரு கைப்பிடி எடுத்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுவிடுவார். பாட்டில் நிறைந்தால் துணிப்பையில் கொட்டிக் கட்டி வைப்பார், இங்கே வாங்க யாரும் இல்லை. போன வாரம் அந்தப் பை மூன்று கிலோவுக்கு மேல் இருந்தது. பஸ்ஸில் மேலே வைக்கலாம் என்றேன், கேட்கவில்லை, தாம்பரத்திலிருந்து ஊர் வரைக்கும் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.