ஆலை ஒரகடத்தில், கார்கள் கப்பலில்: இந்தியாவில் நிஸான் தேய்ந்த கதை

சென்னைக்கு அருகே ஒரகடத்தில் ஆண்டுக்கு 4 லட்சம் கார்களைச் செய்யும் திறனோடு எழுப்பப்பட்ட ஆலை இருந்தும், அதைக் கட்டிய இரு நிறுவனங்களுள் ஒன்றான நிஸானின் கார்களை நம் சாலைகளில் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. 2024-25 நிதியாண்டில் அந்நிறுவனம் இந்தியாவுக்குள் விற்ற கார்கள் ஏறத்தாழ 28,000. அதே ஆண்டில் இங்கிருந்து கப்பலேறிய நிஸான் கார்களோ 70,000க்கும் மேல். ஆண்டுக்கு 40 லட்சத்துக்கும் அதிகமான பயணியர் வாகனங்கள் விற்பனையாகும் நாட்டில், இது ஒரு விழுக்காட்டைக்கூட எட்டாத பங்கு. 2020ஆம் ஆண்டுக்குள் சந்தையில் 5 விழுக்காட்டைப் பிடிப்போம் என்று இதே நிறுவனம்தான் ஒரு காலத்தில் இலக்கு வைத்திருந்தது.

இந்தச் சரிவுக்கு இரண்டு காரணங்கள் வழக்கமாகச் சொல்லப்படுகின்றன. மாருதியும் ஹூண்டாயும் சந்தையை முன்பே பிடித்துக்கொண்டன என்பது ஒன்று, ஜப்பானியத் தாய் நிறுவனமே தள்ளாடுகிறது என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை இருக்கிறது என்றாலும், இரண்டும் போதுமானவை அல்ல. நிஸான் வந்து பல ஆண்டுகள் கழித்து, 2019 ஆகஸ்டில், செல்டோஸ் என்னும் ஒரே காரோடு உள்ளே நுழைந்த கியா இங்கு வேரூன்றிவிட்டது. தாய் நிறுவனத்தின் நெருக்கடியோ பிற்காலத்தது. நிஸானின் அன்றைய தலைவர் கார்லோஸ் கோனை உலகமே மெச்சிக்கொண்டிருந்த நாள்களிலேயே இந்திய நிஸான் தடுமாறத் தொடங்கிவிட்டது. என் பார்வையில் அடிப்படைக் கோளாறு இதுதான்: தன் பெயரைக் கேட்டதும் வாங்குபவரின் மனத்தில் ஏதாவது ஒன்று தோன்றும்படி செய்வதற்கு வேண்டிய பொறுமையை இந்த நாட்டில் நிஸான் காட்டவேயில்லை.

தொடக்கம் நன்றாகவே இருந்தது. 2008இல் தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம், பிரான்சின் ரெனோ கார் நிறுவனத்தோடு கூட்டு, 4,500 கோடி ரூபாய் முதலீட்டுத் திட்டம், 2010 மார்ச்சில் ஆலைத் திறப்பு என எல்லாம் வேகமாக நடந்தன. அவ்வாண்டு ஜூலையில் 3.98 லட்சம் ரூபாய் தொடக்க விலையில் மைக்ரா வந்தது. சிறிய சாவியைப் பையிலிருந்து எடுக்காமலேயே கதவைத் திறந்து, பொத்தானை அழுத்தி எஞ்சினை உயிர்ப்பிக்கும் வசதி அந்த விலைப் பிரிவுக்கு அப்போது புதியது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் 5.78 லட்சத்துக்கு வந்த சன்னியைப் பற்றி நான் சற்று கூடுதலாகச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் அந்தக் காரை நான் இன்றும் மதிக்கிறேன். நீட்டிப் படுத்துவிடலாம் போன்ற பின்னிருக்கை, 490 லிட்டர் டிக்கி, நகர நெரிசலில் களைப்பூட்டாத மென்மையான ஓட்டம் ஆகியவற்றை அந்த விலைக்குத் தந்த செடான் அந்நாளில் வேறு எது? முதியோர் உள்ள வீடுகளிலும் வாடகைக் கார் வட்டாரத்திலும் சன்னிக்கு இருந்த நல்ல பெயர் கொஞ்சநஞ்சமல்ல. ஓர் அடையாளத்தைக் கட்டுவதற்கு அது போதுமான அடித்தளம். அதன்மேல் எதுவும் எழுப்பப்படவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

மாறாக, அந்த அடித்தளத்தை நிறுவனமே பங்குபோட்டுக் கொடுத்தது. மைக்ராவின் முகத்தைச் சற்று மாற்றி 2012 ஜனவரியில் ரெனோ பல்ஸ் வந்தது. சன்னி அவ்வாண்டே ரெனோ ஸ்காலாவாக இன்னொரு ஷோரூமில் நின்றது. 2013 அக்டோபரில் கடன் திசைமாறியது: ரெனோ டஸ்டர் வேறு முன்பக்கத்தோடு நிஸான் டெரானோ ஆனது. ஒரே ஆலையில் ஒரே எஞ்சினோடு பிறந்த கார், இரு பெயர்களில், இரு விலைகளில். ஆலையின் செலவுக் கணக்கில் இது சிக்கனம்தான். ஆனால் சேமிப்பைக் கரைத்தும் தவணை கட்டியும் கார் வாங்கும் குடும்பம், இரண்டு ஷோரூம்களுக்கும் போய்ப் பார்த்த பிறகு, இவற்றுள் எது அசல் என்று கேட்காமல் இருக்காது. டஸ்டர் ஏற்கெனவே ஓராண்டுக்கு மேலாகப் பெயர் வாங்கி ஓடிக்கொண்டிருக்க, அதைவிட அதிக விலையில் டெரானோவை வாங்குவதற்கு நிஸான் சொன்ன காரணங்கள் தோற்றத்தோடு முடிந்துவிட்டன.

விற்பனையைக் கையாண்ட முறையும் விந்தையானது. கார்களைத் தானே செய்துவிட்டு, அவற்றின் விற்பனை, விளம்பரம், டீலர் நியமனம் ஆகியவற்றை ஹோவர் ஆட்டோமோட்டிவ் என்ற தனி நிறுவனத்திடம் நிஸான் ஒப்படைத்திருந்தது. அந்த ஏற்பாடு 2014இல் மனக்கசப்போடு முறிந்தது. வாடிக்கையாளரை நேரில் சந்திக்கும் வேலையை, சந்தையைக் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் ஆண்டுகளிலேயே, பிறர் கையில் விட்டது பெரிய இழப்பு என்று நான் கருதுகிறேன். அந்த ஆண்டுகளில் ஷோரூமில் கேட்கப்பட்ட கேள்விகள் ஆலையின் காதுக்கு எட்டியிருந்தால், 2012இல் வந்த இவாலியா வேறு வடிவில் வந்திருக்கலாம். ஏழு பேர் அமரும் அந்த வண்டியில் நடுவரிசைச் சன்னல்களைத் திறக்க முடியாது! வெயில் நாட்டில் இது எப்படி ஒப்புதல் பெற்றது என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. பிறகு நகரும் கண்ணாடிகள் பொருத்தப்பட்டன. அதற்குள் மாருதி எர்டிகா தன் இடத்தைப் பிடித்துவிட்டது.

இவை எல்லாவற்றையும்விட ஆழமான காயம் டட்சனால் வந்தது. 1980களில் நிஸான் தானே கைவிட்ட அந்தப் பழைய பெயரை, வளரும் நாடுகளில் முதல் கார் வாங்குவோருக்காக மீண்டும் எடுப்பதாக 2012இல் அறிவித்தது. 2014 மார்ச்சில் 3.12 லட்சம் ரூபாய்க்கு டட்சன் கோ வந்தது. இடவசதியும் எஞ்சினும் நன்றாக இருந்தன. ஆனால் கையுறைப் பெட்டிக்கு மூடி கிடையாது, இசைக்கருவிக்குப் பதிலாகக் கைப்பேசியைச் செருகும் தாங்கி. செலவைக் குறைத்த தடம் கண்ணில் படும் இடத்திலெல்லாம் தெரிந்தது. முதல் கார் வாங்குபவர் மலிவான காரைத் தேடுகிறார் என்று அதைத் திட்டமிட்டவர்கள் எண்ணியிருக்க வேண்டும். அவர் தேடுவது கௌரவமான, கைக்கு எட்டும் விலையில் உள்ள கார். இந்த வேறுபாட்டை டாட்டா நானோவின் அனுபவம் அப்போதே இந்தியா முழுவதற்கும் காட்டியிருந்தது.

அவ்வாண்டு நவம்பரில் குளோபல் என்கேப் அமைப்பின் மோதல் சோதனையில் டட்சன் கோ ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. காற்றுப்பை பொருத்தினாலும் பயன் இராத அளவுக்கு அதன் உடற்கூடு நிலைகுலைகிறது என்று அந்த அமைப்பு சொன்னது. அதன் தலைவர் மேக்ஸ் மோஸ்லி, காரை விற்பனையிலிருந்து விலக்கிக்கொள்ளுமாறு கோனுக்குக் கடிதமே எழுதினார். அதே சுற்றில் காற்றுப்பை இல்லாத மாருதி ஸ்விஃப்டும் பூஜ்யம்தான் வாங்கியது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். ஸ்விஃப்டின் விற்பனை அசையவில்லை. பல ஆண்டுகளாக ஊருக்கு ஊர் சேர்த்துவைத்த நம்பிக்கை அதைத் தாங்கியது. டட்சனுக்கு அத்தகைய இருப்பு எதுவும் இல்லாததால், மக்கள் அந்தப் பெயரைப் பற்றி முதன்முதலாக உரக்கக் கேட்ட செய்தியே 'பாதுகாப்பற்ற கார்' என்பதாகிவிட்டது. அது விற்கப்பட்ட அதே ஷோரூம்களில்தான் மைக்ராவும் சன்னியும் நின்றன, ஆகவே கறை அவற்றின்மீதும் படிந்தது. பிறகு கோ பிளஸ், ரெடி-கோ என இரு வண்டிகள் வந்தும் நிலைமை மாறவில்லை. 2022 ஏப்ரலில் டட்சன் இந்தியாவிலிருந்து விடைபெற்றது.

டட்சனில் கவனம் செலுத்திய அந்த ஆண்டுகளில் நிஸான் என்ற பெயரில் புதிதாக வந்தது மிகக் குறைவு. ஐரோப்பாவுக்கான அடுத்த தலைமுறை மைக்ரா 2016 முதல் பிரான்சின் ஃபிளேன் ஆலையில் உருவாகத் தொடங்கியது, அது இந்தியாவுக்கு வரவே இல்லை. இங்கே பழைய மைக்ராவும் பழைய சன்னியும் சிறு ஒப்பனைகளோடு தொடர்ந்தன. ஹூண்டாய் கிரெட்டா 2015 ஜூலையிலேயே வந்து நடுத்தர எஸ்யுவி பிரிவுக்கு இலக்கணம் வகுத்துவிட, நிஸானின் பதிலான கிக்ஸ் 2019 ஜனவரியில்தான் வந்தது. அதுவும் வெளிநாட்டு கிக்ஸின் பெயரையும் தோற்றத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு, டஸ்டரின் பழைய அடித்தளத்தின் மீது கட்டப்பட்டது. ஏழு மாதங்களில் செல்டோஸ் வந்ததும் கிக்ஸை விசாரிப்போர் அருகிவிட்டனர். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதிகள் அமலானபோது மைக்ரா, சன்னி, டெரானோ மூன்றும் விடைபெற்றன.

அந்த வெறுமையில்தான் 2020 டிசம்பரில் மேக்னைட் என்னும் சிறிய எஸ்யுவி வந்தது. அறிமுக விலை 4.99 லட்சம். ஏசியான் என்கேப் சோதனையில் 4 நட்சத்திரம், 100 குதிரைத்திறன் டர்போ எஞ்சின், தனக்கென்று ஒரு முகம். முன்பதிவு செய்தவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். சரியான காரைச் சரியான விலையில் தந்தால் இந்தியர்கள் நிஸானையும் வாங்குவார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆனால் அந்த வெற்றிக்குப் பின்னால் அடுத்த கார் அணிவகுக்கவில்லை. 2023இல் கிக்ஸும் போன பிறகு, முழு நிறுவனமும் இந்த ஒரு வண்டியின் தோள்மீது நின்றது. 2024 ஆகஸ்டில் வந்த எக்ஸ்-ட்ரெயில், முழுமையாக இறக்குமதி செய்யப்பட்டு 49.92 லட்சத்துக்கு விற்கப்பட்டது, அதைவிடக் குறைந்த விலையிலேயே டொயோட்டாவின் ஃபார்ச்சூனர் தொடங்கும்போது. ஒரகடத்தில் ஆலையை வைத்துக்கொண்டு இப்படியொரு காரைக் காட்சிப் பொருளாக்கியதில் என்ன கணக்கு இருந்தது என்று எனக்குப் புரியவில்லை.

ஒரே காரை வைத்துக்கொண்டு டீலரால் பிழைக்க முடியாது என்பது இத்தொழிலில் உள்ளவர்கள் எவரும் அறிந்ததே. கட்டட வாடகையும் பணியாளர் சம்பளமும் விற்பனை குறைந்தது என்பதற்காகக் குறைவதில்லை. ஒரு மாவட்டத் தலைநகரில் ஷோரூம் மூடப்படும்போது சர்வீஸ் நிலையமும் சேர்ந்தே போகிறது. அங்குள்ள கார் உரிமையாளர் உதிரி பாகத்துக்கு அடுத்த ஊருக்கு ஓட வேண்டியிருக்கிறது. அவருடைய அலைச்சலைப் பார்த்த அண்டை வீட்டுக்காரரும் உடன் பணிபுரிபவரும் அந்தப் பெயரைத் தங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். பழைய கார் சந்தையில் விலை இறங்குகிறது, அதைக் கேட்டுப் புதிய காருக்கு வரவிருந்தவர் பின்வாங்குகிறார். இந்தச் சுழற்சி எந்த விற்பனை அட்டவணையிலும் தனி வரியாகத் தெரியாது, ஆனால் ஒரு நிறுவனத்தை மெல்லக் கரைப்பது இதுதான். நம் நாட்டில் கார் வாங்குவதற்கு முன் முதலில் கேட்கப்படும் கேள்வி, 'நம்ம ஊர்ல சர்வீஸ் இருக்கா?' என்பது. நிஸானால் அதற்கு 'இருக்கிறது' என்று சொல்ல முடிந்த ஊர்கள் குறைந்துகொண்டே வந்தன.

2023 பிப்ரவரியில் ரெனோவும் நிஸானும் சேர்ந்து 5,300 கோடி ரூபாய் முதலீட்டையும் ஆறு புதிய வண்டிகளையும் அறிவித்தபோது எனக்கு உண்மையிலேயே நம்பிக்கை பிறந்தது. இரண்டு ஆண்டுகளில், 2025 மார்ச் 31 அன்று, ஒரகடம் ஆலையில் தனக்கிருந்த 51 விழுக்காட்டுப் பங்கை ரெனோவுக்கே விற்பதாக நிஸான் அறிவித்தது. உலக அளவில் அது பெரும் நட்டத்தில் இருந்த நேரம். ஹோண்டாவோடு இணையும் பேச்சு பிப்ரவரியில்தான் முறிந்திருந்தது, 20,000 வேலைகளைக் குறைக்கும் திட்டம் மே மாதம் வந்தது. நிஸானின் கார்கள் அந்த ஆலையில் தொடர்ந்து உருவாகும் என்று சொல்லப்பட்டிருக்கிறது. இருந்தாலும், தன் பெயரைத் தாங்கிய ஆலையில் வாடிக்கையாளராகிவிட்ட நிறுவனத்தை, இந்தியாவில் நிலைத்திருக்கும் என்று நம்பும்படி வாங்குபவரிடம் எப்படிக் கேட்பது என்ற கேள்வி எழத்தான் செய்கிறது.

2025 அக்டோபரில் டெக்டான் என்னும் எஸ்யுவியின் பெயரையும் தோற்றத்தையும் நிஸான் வெளியிட்டது. புதிய டஸ்டரின் உறவுக்காரரான அந்த வண்டியும் சென்னையில்தான் உருவாகிறது. அதன் தோற்றம் எனக்குப் பிடித்திருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. ஆனால் நான் முதலில் பார்க்கப்போவது அதன் விளக்குகளையோ திரையின் அளவையோ அல்ல. டஸ்டருக்கும் அதற்கும் இடையே விலையில் என்ன வேறுபாடு, அதன் அறிமுக நாளில் திருநெல்வேலியிலும் ஈரோட்டிலும் சேலத்திலும் எத்தனை சர்வீஸ் நிலையங்கள் திறந்திருக்கின்றன, அதற்கு அடுத்த கார் எப்போது வருகிறது என்பவற்றைத்தான் பார்ப்பேன்.