கப்பலில் கயிறு கட்டி நீந்தினேன்

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு நீச்சல் விஷயத்தில் கொஞ்சம் சொகுசு பழகிவிடும். வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே பொது நீச்சல் குளம், 50 மீட்டர் நீளம், காலையில் போய் 20 தடவை கடந்தால் 1 கிலோமீட்டர் கணக்கு முடிந்தது. அந்தப் பழக்கத்தோடுதான் பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் கப்பலில் குடும்பத்தோடு ஏறினேன். விளம்பரப் படத்தில் குளம் நீலமாக விரிந்து கிடந்தது. நேரில் போய்ப் பார்த்தால் 10 மீட்டர் இருந்தாலே அதிகம். ஆறு கை போட்டால் சுவர், திரும்பினால் மறுபடி சுவர், நடுவில் குழந்தைகளின் ரப்பர் வாத்து.

எந்தக் கப்பல் என்பது வேண்டாம், பெரும்பாலான கப்பல்களில் இதே கதைதான். அதற்குக் காரணமும் இருக்கிறது. 1 கன மீட்டர் தண்ணீர் 1 டன். 50 மீட்டர் நீளம், 25 அகலம், 2 ஆழம் என்று ஒரு போட்டிக் குளம் கட்டினால் 2,500 டன் ஆயிற்று. அவ்வளவு எடையை உச்சித் தளத்தில் வைத்தால் கப்பல் நிலைகொள்ளாது, போதாததற்கு அந்தத் தண்ணீர் ஆடுகிற பக்கமெல்லாம் சாய்ந்து ஓடும். 1912-இல் டைட்டானிக்கில்கூடக் குளம் இருந்தது, கீழ்த் தளத்தில், சுமார் 9 மீட்டர். நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் நமக்கு ஒரு மீட்டர்தான் கூடியிருக்கிறது!

இதெல்லாம் முன்பே கேள்விப்பட்டிருந்ததால் பெட்டியில் ஒரு நீச்சல் கயிறு வைத்திருந்தேன். விரல் தடிமனில் ரப்பர் குழாய், ஒரு முனையில் இடுப்புப் பட்டை, மறுமுனையில் கொக்கி. குளத்துப் பணியாளரிடம் கேட்டேன். ஆள் இல்லாத நேரத்தில் என்றால் சரி என்றார். ஆகவே காலை ஆறரை மணிக்கு ஏணிக் கம்பியில் மாட்டிக்கொண்டு இறங்கினேன். எவ்வளவு நீந்தினாலும் இருந்த இடத்திலேயே இருப்போம், அதனால் தூரக் கணக்கை விட்டுவிட்டு நேரத்தைத்தான் பார்க்க வேண்டும். கொஞ்சம் அசந்தாலும் கயிறு இடுப்பைப் பின்னால் இழுக்கும், கால் தாழ்ந்துவிடும். சுவரை உதைத்து மூச்சு வாங்கும் சாக்கும் கிடையாது. 20 நிமிடத்தில் தோள் இரண்டும் கழன்றதுபோல் ஆகிவிட்டது. கடல் தண்ணீரை நிரப்பியிருந்தார்கள், உடம்பு நன்றாக மிதந்தது, ஆனால் நீச்சல் கண்ணாடி கொஞ்சம் விலகினால் போதும், கண் எரிந்து தொலைக்கும்.

மலாக்கா நீரிணை இருக்கும்வரை கப்பல் நகர்வதே தெரியவில்லை. புக்கெட்டை நெருங்கும்போது அந்தமான் கடலின் அலை வந்தது. நான் இருந்த இடத்தில் தண்ணீர் தொடைவரை வடிந்து, எதிர்ப்பக்கம் சுவரில் ஏறி, 'தொப்'பென்று தளத்தில் கொட்டி, அப்படியே திரும்பி வந்து என்னை ஏணியோடு மோதியது. முழங்கையில் சிராய்ப்பு. சற்று நேரத்தில் பணியாளர் வந்து வலை போட்டு மூடிவிட்டார், அது நியாயம்தான். அன்றைக்கு ஜிம்முக்குப் போனேன். ஆடும் கப்பலில் ட்ரெட்மில் ஓடுவது குடிகாரன் நடை மாதிரி இருந்தது, பத்து நிமிடத்தில் இறங்கிவிட்டேன்.

அப்புறம் எனக்குக் கைகொடுத்தது படிக்கட்டுதான். அறை 8-ஆம் தளம், சாப்பாடு 15-இல். லிஃப்டைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். பல கப்பல்களைப் போல இதிலும் 13-ஆம் தளம் கிடையாது, ராசியில்லாத எண்ணாம். ஏறும்போது ஒரு மாடி மிச்சம். ஆனால் மூன்றாவது தடவை பஃபேக்காக ஏறுவதை உடற்பயிற்சியில் சேர்க்கக் கூடாது என்று மனைவி சட்டம் போட்டுவிட்டார்.

பினாங்கில் பேருந்துச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டாமல் துறையிலிருந்தே நடந்தோம். கார்ன்வாலிஸ் கோட்டை, அங்கிருந்து லிட்டில் இந்தியா, குயின் தெருவில் 1833-இல் எழுந்த மாரியம்மன் கோயில். வெயிலில் எரித்ததையெல்லாம் நாசி கண்டார் (சோறும் பலவகைக் குழம்பும்) கடையில் வட்டியோடு திருப்பி ஏற்றிக்கொண்டேன், அது வேறு கதை.

மேல்தளத்தில் தினமும் கைவீசி நடந்த ஒரு சீன அங்கிள், முதல் நாள் என்னைக் கட்டிப்போட்ட ஆட்டைப் பார்ப்பதுபோல் பார்த்துச் சிரித்தார். கடைசி நாள் காலை நான் வருவதற்குள் நீச்சல் உடையில் ஏணிப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். கயிற்றைக் கேட்டார். கொடுத்துவிட்டு, ரப்பர் வாத்தை ஓரமாகத் தள்ளி உட்கார்ந்து என் முறைக்குக் காத்திருந்தேன்.