மூன்று விரல் மடிப்பு

சங்கத்தின் சிறப்பு மலருக்குத் தாய்மையைப் பற்றி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். எனக்கு முதலில் ஞாபகம் வந்தது ஒரு வெள்ளைச் சட்டையின் கீழ்மடிப்புத்தான்.

1978 ஜனவரியில் யாழ்ப்பாணத்து உடுவில் பெண்கள் பள்ளிக்கூடப் போர்டிங்கில் சேர்ந்தபோது எனக்கு 11 வயது. ஊர் கிளிநொச்சிப் பக்கம். நான் குறைமாதப் பிள்ளை. தப்பமாட்டேன் என்று எல்லாரும் கைவிட்ட இரவில், பிழைத்தால் மிஷன் பள்ளிக்கூடத்தில் விட்டுப் படிப்பிப்பேன் என்று அம்மா பொருத்தனை பண்ணியிருந்தார். அது வரைக்கும் சரி. பொருத்தனையை நிறைவேற்றும் நாள் வந்தபோது கேற்றடியில் நான் குழறிய குழறல் எனக்கே இன்னும் கேட்கிறது. அம்மா திரும்பிப் பார்க்காமல் போனார். கல்நெஞ்சுக்காரி என்று அன்றிரவு நினைத்தேன்.

ஒவ்வொரு ஜனவரியும் புதுச் சட்டை வரும். கையால் சுற்றும் மெஷினில் அம்மாவே தைப்பார். கீழே மூன்று விரல் அகலத்துக்கு உள்மடிப்பு. நான் வளர வளர, தவணைக்கு ஒரு விரலாக மடிப்பைப் பிரித்துவிடவேண்டும். பிரித்த இடத்தில் பழைய தையல் கோடு போகாது. வருட முடிவில் பனையில் வளையம் தெரிகிற மாதிரி சட்டையில் கோடுகள் தெரியும். எனக்கு அது பெரிய வெட்கம்.

ஒரு ஞாயிறு ரீச்சர் வேதாகமத்தில் வரும் அன்னாளின் கதையைச் சொன்னார். கேட்டுப் பெற்ற பிள்ளையைச் சீலோவில் ஆலயத்தில் விட்டவள், வருடா வருடம் ஒரு சின்னச் சட்டை தைத்துக்கொண்டு போவாளாம். ரீச்சர் அந்தப் பிள்ளை சாமுவேலைக் கர்த்தர் கூப்பிட்ட இடத்துக்குப் போய்விட்டார். நான் சட்டையிலேயே நின்றுவிட்டேன். பிள்ளை எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று அவளுக்கு எப்படித் தெரிந்தது? அவளும் மடிப்பு விட்டிருப்பாளோ?

1824இல் எங்கள் பள்ளிக்கூடத்தைத் தொடங்கிய அமெரிக்க மிஷனரி ஹரியற் வின்ஸ்லோ அம்மையாரை ஆசியாவின் முதல் பெண்கள் விடுதிப் பாடசாலையோடு சேர்த்துப் பெருமையாகப் பேசுவோம். அவருடைய மகன் சார்ள்ஸைப் பற்றிப் பேசுவதில்லை. நம் ஊர்ப் பெண்பிள்ளைகளைத் தன்னிடம் விடும்படி தாய்மாரைக் கேட்டவர், தன் பிள்ளையைப் படிப்புக்காக அமெரிக்காவுக்குக் கப்பலேற்றினார். 1832இல் நியூயோர்க்கில் அவன் இறந்தான். வயது 11. அடுத்த ஜனவரியில் தாயும் போய்விட்டார். பிறகு 1840இல் வந்த எலிசா அக்னியூ அம்மையார், கலியாணமே கட்டாமல் ஏறத்தாழ 40 வருடம் எங்கள் பாட்டிகளை வளர்த்து, ஆயிரம் மகள்களின் தாய் என்று பேர் எடுத்தார்.

கீழ்ப்படிவு என்றால் வாய் திறக்காமல் தலையாட்டுவது என்பவர்களோடு எனக்கு ஒத்துவருவதில்லை. மகன் பிறப்பான் என்று தூதன் சொன்னபோது இயேசுவின் தாய் மரியாளே 'இது எப்படியாகும்?' என்று கேட்டுவிட்டுத்தானே 'உம்முடைய வார்த்தையின்படி எனக்கு ஆகக்கடவது' என்றாள்? என் அம்மாவும் கேட்டிருக்கிறார். அவர் இறந்த வீட்டில் சின்னம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். என்னைப் போர்டிங்கில் விட்ட அன்றைக்கு மருதனார்மடம் சந்தியில் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு, சீலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாராம். 'ஏன் ஆண்டவரே, ஊரில் பள்ளிக்கூடம் இல்லையா?' என்று முணுமுணுத்தாராம். மூன்றாவது பஸ்ஸில் ஏறினார். அந்தக் கிழமையே அடுத்த சட்டைக்குத் துணி வாங்கினாராம்.

போன வருடம் என் மகள், ஆப்பிரிக்காவில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போகப்போகிறேன் என்று வந்து நின்றாள். ரொறன்ரோவில் ஆஸ்பத்திரி இல்லையா என்று நானும் கேட்டேன். ஒருதரம் இல்லை, ஒரு மாதம் கேட்டேன். அப்புறம் கடைக்குப் போய்ப் பருத்தித் துணி வாங்கி வந்து மெஷினில் உட்கார்ந்தேன்.

பெட்டி அடுக்கும்போது அவள் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். "என்னம்மா, கரை இவ்வளவு தடிப்பாக இருக்கு? எனக்கு 26 வயது, இனி வளரமாட்டேன்!"

"இருக்கட்டும், மடித்து வை" என்றேன்.