பட்டா நிலம்தானே என்று மூடிய மனு

மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் நடுவே எங்கள் ஊர்க் கரையில் ஒரு மணல்மேடு இருக்கிறது. மேலே ராவணன் மீசையும் அடப்பங்கொடியும், அடியில் நல்ல தண்ணீர். கோடையில் குழாய் வராத நாளில் பெண்கள் ஊற்று தோண்டிக் கொட்டாங்கச்சியால் மொண்டு எடுப்பது அங்கேதான். போன வருடம் அந்த மேட்டில் சுண்ணாம்புக் கோடு போட்டுக் கயிறு கட்டினார்கள். சொகுசு விடுதி வருகிறதாம்.

முதல் மனுவை நான்தான் எழுதினேன். இப்போது படித்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. மன்னார் வளைகுடா, 21 தீவுகள், 1986இல் அறிவித்த கடல்சார் தேசியப் பூங்கா, 1989இல் அறிவித்த உயிர்க்கோளக் காப்பகம், 10,500 சதுர கிலோமீட்டர் என்று மூன்று பக்கம். கடற்பசு, பவளப்பாறை எதையும் விடவில்லை. சர்வே எண் மட்டும் இல்லை. திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்து, ரசீதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுப் பெருமையாக வீடு வந்தோம்.

ஐந்து வாரம் கழித்துப் பதில்: ‘மனுவில் கண்ட இடம் தனியார் பட்டா நிலம். புறம்போக்கு ஆக்கிரமிப்பு ஏதும் இல்லை. மனு முடிக்கப்பட்டது.’ ஆக்கிரமிப்பு என்று யார் சொன்னது? மனு கீழே இறங்கி இறங்கி, நிலம் யாருடையது என்று மட்டும் பார்க்கிற மேசைக்குப் போய்விட்டது. தப்பு என் மேலும் உண்டு. கரையோரம் எதைக் கட்டலாம், எதைக் கட்டக் கூடாது என்று சொல்கிற விதிக்கு ‘கடலோர ஒழுங்குமுறை மண்டலம்’ என்று பெயர். அந்தச் சொல்லை மூன்று பக்கத்தில் ஓரிடத்திலும் எழுதவில்லை. மனுவின் தலைப்பில் ‘பொருள்:’ என்று எழுதுகிற வரியிலேயே அது இருக்க வேண்டும். பூங்காவை இழுத்ததும் வீண். அது தீவுகளும் அவற்றைச் சுற்றியுள்ள கடலும்தான், எங்கள் மேடு அதற்குள் வராது.

‘கருத்துக்கேட்புக் கூட்டம் வைப்பாங்க, அங்க ஊரே போய்ப் பேசிக்கலாம்’ என்று மாமா ஒருவர் சொல்ல, அதை நம்பி இரண்டு மாதம் காத்திருந்தோம். 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் கட்டடத் திட்டங்களுக்கு அந்தக் கூட்டத்திலிருந்து விலக்கு இருப்பது அப்புறம்தான் தெரிந்தது. விடுதி என்றால் யாரும் உங்களைக் கூப்பிட மாட்டார்கள். காத்திருக்காதீர்கள்.

சரி, விடுதிக்காரர்கள் கொடுத்த விண்ணப்ப ஃபைலையாவது பார்ப்போம் என்று அலுவலகத்துக்குப் போனால், மேசையில் இருந்தவர், ‘இங்க இல்ல தம்பி, சென்னைக்குப் போயிருச்சு’ என்றார். அன்றைய தொழிலும் போச்சு, பஸ் காசும் போச்சு. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்ட வேண்டும். அதற்கே மூன்று கடை ஏறி இறங்கினேன். 30 நாள் முடிகிற அன்று பதில் வந்தது: ஃபைல் அதே அலுவலகத்தில்தான் இருக்கிறது, வந்து பார்க்கலாம். அதே மேசை, அதே ஆள். எழுந்து பின்னால் இருந்த பீரோவைத் திறந்தார். என்னை முன்பின் பார்த்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை.

வரைபடத்தை விரித்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம். கட்டடம் உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது கடல் ஏறும்போது தண்ணீர் வந்து தொடுகிற எல்லையிலிருந்து, 210 மீட்டர் தள்ளி, குறை சொல்ல முடியாதபடி. எங்கள் மேடு இருக்கும் இடத்தில் ‘சமதள மணல்’ என்று எழுதியிருந்தது. நான் அதையே முறைத்துக்கொண்டிருக்க, கூட வந்த பெரியம்மா ஓரத்தில் இருந்த சின்ன வட்டத்தின் மேல் விரல் வைத்தார். ‘இது என்னடா, கிணறா?’ ஆழ்துளைக் கிணறுதான். கோட்டிலிருந்து 120 மீட்டரில். கடற்கரை விடுதிகளுக்கான விதியில், 200 மீட்டருக்குள் நிலத்தடி நீரை எடுக்கக் கூடாது என்று இருக்கிறது. மணல்மேட்டைச் சமப்படுத்தக் கூடாது என்றும் இருக்கிறது. பெரியம்மா மூன்றாம் வகுப்பு. வருடா வருடம் அவர் ஊற்று தோண்டுகிற இடம் அது.

இரண்டாவது மனு ஒரே பக்கம். உட்பிரிவோடு சர்வே எண், புல வரைபட நகல், கிணறு, மேடு, அவ்வளவுதான். மேட்டின் உயரம் தெரிய மச்சானைத் துடுப்போடு அடியில் நிறுத்தி ஒரு போட்டோ. மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்துக்கும் மாநில ஆணையத்துக்கும் தனித்தனியாக, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால். அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானமும் போட்டோம். நகலை அன்றைக்கே வாங்காமல் விட்டு, அதற்கு மூன்று வாரம் அலைந்தது தனிக்கதை. ஒருவேளை அனுமதி கொடுத்துவிட்டால், சுற்றுச்சூழல் வழக்குகளைப் பார்க்கிற தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான் என்று வக்கீல் ஒருவர் எச்சரித்தார். அதனால் வாரம் ஒருமுறை இணையதளத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

டிசம்பரில் அதிகாரிகள் நான்கு பேர் டேப்போடு வந்து அளந்தார்கள். மேட்டில் ஏறும்போது ஒருவரின் செருப்பு மணலில் புதைந்தது. ‘இதுவா சமதளம்?’ என்று அவரே கேட்டார். அந்த ஒரு கேள்விக்கே நாங்கள் அலைந்த அலைச்சல் சரியாகப் போனது. ஜனவரியில் விடுதியின் விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்டது, திருத்திய வரைபடத்தோடு வரச்சொல்லி.

விடுதிக்காரர்கள் வந்துவிட்டார்கள். புது வரைபடத்தில் கிணறு 205 மீட்டருக்கு நகர்ந்துவிட்டதாம். மேட்டுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும். இந்த முறை வில்லை நாலு முன்கூட்டியே வாங்கி வைத்திருக்கிறேன். பெரியம்மாவையும் கூட்டிப் போகிறேன்.