மொரீசியஸ் சீனியும் எங்கட தேயிலையும்

"சின்னத் தீவு, எங்களால என்ன செய்யேலும்" எண்டு வெள்ளவத்தையில தேத்தண்ணிக் கடைக்குக் கடை கதைக்கினம். எங்களை விடச் சின்னது மொரீசியஸ். 1968இல சுதந்திரம் கிடைக்கேக்க அங்க கரும்பை விட்டாப் பெரிசா ஒண்டும் இல்லை. சனத்தில பெரும்பங்கு, எங்கட மலையகம் மாதிரி, இந்தியாவில இருந்து தோட்ட வேலைக்குக் கொண்டுபோனவையின்ர வழி.

1975இல ஐரோப்பா தன்ர பழைய குடியேற்ற நாடுகளோட லோமே எண்ட வர்த்தக ஒப்பந்தம் செய்தது. வருசத்துக்கு 5 லட்சம் தொன் அளவு சீனியை ஐரோப்பா உலகச் சந்தையை விடக் கூடின விலைக்கு வாங்கினது. அந்தக் காசில ஒரு பங்கு உடுப்பு ஆலையளுக்கும் ஹோட்டல்களுக்கும் போச்சு. 2006இல இருந்து ஐரோப்பா விலையைப் படிப்படியா 36 வீதம் வெட்டினது, 2009இல அந்தச் சலுகையே முடிஞ்சுது. அதுக்குள்ள மொரீசியஸ்காரர் பல சீனி ஆலையளை மூடி, கரும்புச் சக்கையை எரிச்சு மின்சாரம் எடுத்து, விசேஷ சீனி வகையளுக்கு மாறிட்டினம்.

எனக்கு முக்கியமாப் பட்டது வேற. விருப்ப ஓய்வில போன தோட்டத் தொழிலாளருக்குக் காசோட ஒரு துண்டுக் காணியும் குடுத்தவை. இங்க 7 பேர்ச் காணிக்கு உறுதி கேட்டு மலையகச் சனம் இன்னும் அலையுது!

அவையள் ஆயத்தப்பட்டு மாறினவை. நாங்களோ 2021இல தேயிலைக்கும் சேர்த்துத் திடீரெண்டு ரசாயன உரத்தை நிப்பாட்டி, நவம்பரில திரும்ப விட்டம். (அதுக்குப் பேர் பசுமை விவசாயம்.)

மொரீசியஸ் சொர்க்கம் எண்டு சொல்லேல்ல. அரிசி கப்பலிலதான் வருது. 2020இல விமானம் நிண்டதோட ஹோட்டல் வருமானமும் படுத்திட்டுது.